சீறும் சத்தமும் சிறுமலைப் பயணமும்

சொந்தமாக கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெரிய சந்தோசம் உண்டு. வண்டியைத் தானே கழற்றித் தானே சரி செய்வது. அதே அளவுக்கு ஒரு துக்கமும் உண்டு. தானே சரி செய்த பிறகு, அதுவரை இல்லாத ஒரு புதுக் கோளாறு வண்டியில் வந்து குடியேறுவது! இது இரண்டாவது ரகத்தைச் சேர்ந்த கதை.

திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் ஒரு வீடு. தாத்தா அந்தக் காலத்தில் நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "ஆளே இல்லாத தொழிலுக்கு மால போட்டிருக்காய்ங்க" என்று சொன்னவர். பேரன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். வாசலில் நிற்பது 2009 மாடல் மாருதி ஆல்டோ. 796 சி.சி., மூன்று சிலிண்டர்.

அது 2024. வண்டிக்கு 15 வருடம் முடிந்துவிட்டது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும். "செலவு வச்சா வித்துருவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். பையன் ஓட்டப் பழகிய வண்டி அது. விற்க விடுவானா? ஐட்லிங்கில் லேசாக உதறுகிறதே, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு இறங்கிவிட்டான்.

கழற்றினான். கருப்பாகப் படிந்திருந்த கரியைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான். பழைய பேக்கிங் கொஞ்சம் கிழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்லை. அதனால் என்ன, பேஸ்ட் தடவி அதையே திரும்ப வைத்து முடுக்கினான். (இந்த "அதனால் என்ன"வைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.)

ஸ்டார்ட் செய்தால்... ஐட்லிங் 1500-க்கு ஏறுகிறது, தபாலென்று 900-க்கு விழுகிறது, மறுபடி ஏறுகிறது. ஆஸ்துமாக்காரர் மூச்சு வாங்குவது போல. பையனுக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பா கடையிலிருந்து வருவதற்குள் அடக்க வேண்டுமே! த்ராட்டிலை நிறுத்தி வைக்கும் சின்ன ஸ்குருவைத் திருகினான். ஐட்லிங் இறங்கி ஒரு வழியாக 1000-க்குப் பக்கத்தில் நின்றது. அப்பாடா என்று பானெட்டைச் சாத்திவிட்டான்.

இங்கே என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

பெட்ரோல் என்ஜின் என்பது அடிப்படையில் ஒரு காற்று பம்ப். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. ஐட்லிங்கில் த்ராட்டில் வால்வு கிட்டத்தட்ட மூடியிருப்பதால், இழுக்கும் அளவுக்குக் காற்று கிடைப்பதில்லை. அதனால் வால்வுக்குப் பின்னால் இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் காற்றழுத்தம் வெளியே இருப்பதை விட மிகவும் குறைந்துவிடுகிறது. இதைத்தான் மெக்கானிக்குகள் "வேக்கம்" என்கிறார்கள்.

கடல் மட்டத்தில் காற்று 760 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாங்கி நிறுத்தும் என்பது 1643-ல் டாரிசெல்லி கண்ட சோதனையிலிருந்து வந்த கணக்கு. நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஐட்லிங்கில் அதில் 430 முதல் 530 மில்லிமீட்டர் வரை காலி செய்துவிடும். அது ஒன்றும் சின்ன விசயமில்லை. 1650-களில் ஜெர்மனியில் குவெரிக் என்பவர் இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுக்க வைத்தார். பிரிக்க முடியவில்லை. அரைக்கோளங்களை அமுக்கிப் பிடித்திருந்தது வெளியே இருந்த வெறும் காற்று!

அந்தக் காற்று மேனிஃபோல்டில் ஒரு ஊசி ஓட்டை கிடைத்தாலும் சும்மா இருக்காது. சீறிக்கொண்டு உள்ளே நுழையும். காற்றின் எடையை நேரடியாக அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில், இந்தத் திருட்டுக் காற்று கணக்கில் வராது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதம் கெட்டு, என்ஜின் பசியில் உதறும். ஆல்டோ மாதிரி மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் வண்டிகளில் கதை வேறு. காற்று கூடியதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்கும், ஐட்லிங் எகிறும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே ஆர்.பி.எம். ஏறுகிறதே, வண்டி இறக்கத்தில் உருள்கிறது போல என்று நினைத்து பெட்ரோலை நிறுத்தும். ஆர்.பி.எம். விழுந்ததும் திரும்பக் கொடுக்கும். ஏறி ஏறி இறங்கியதன் ரகசியம் இதுதான்.

பையன் ஸ்குருவைத் திருகியது எப்படி என்றால், கூரை ஒழுகும் இடத்தில் பானை வைத்த மாதிரி. வாசல் வழியாக வரும் காற்றைக் குறைத்துவிட்டான். ஜன்னல் ஓட்டை அப்படியே இருக்கிறது.

அந்த வாரம் அப்பா இரண்டு தடவை சொன்னார், "பிரேக் என்னமோ கட்டையா இருக்கு" என்று. பையன் காதில் வாங்கவில்லை. அவன் தொட்டது த்ராட்டிலை, பிரேக்கை அல்லவே!

அடுத்த ஞாயிறு சிறுமலைக்குப் போவதாக ஏற்பாடு. சொந்தக்காரர் வீட்டில் விசேஷம். சிறுமலை போனவர்களுக்குத் தெரியும், 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதை விட இறங்குவதுதான் வயிற்றைக் கலக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டு வாசலில் வண்டி நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா இறங்கவில்லை.

"தம்பி, உள்ள என்னமோ சீறுதுடா."

"ஏசியா இருக்கும் தாத்தா."

"ஏசி போடலையேடா. நீ பிரேக்க மிதி... விடு... மறுபடி மிதி. கேட்டியா? மிதிக்கறப்ப சத்தம் மாறுது."

பையன் கேட்டான். மாறத்தான் செய்தது. ஒரு நிமிசம் அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் மூன்றாம் வருடம் படிப்பவனுக்கு பிரேக் பூஸ்டர் எதனால் வேலை செய்கிறது என்று தெரியும்.

பெடலுக்கு முன்னால் இருக்கும் அந்த உருண்டை டப்பாதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் திரை. ஒரு பக்கம் என்ஜினிலிருந்து வரும் வேக்கம், மிதிக்கும்போது மறுபக்கம் வெளிக்காற்று. உதாரணத்துக்கு 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள திரை, 500 மில்லிமீட்டர் வேக்கம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 170 கிலோ விசை காலுக்குத் துணையாக வருகிறது. வேக்கம் போனால் பிரேக் அறவே போய்விடாது. ஆனால் அத்தனையும் காலே தர வேண்டும்.

இதில் மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. உயரம் போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். 100 மீட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால் நல்ல வண்டிக்கே பூஸ்டரின் பலம் கொஞ்சம் குறையும். ஓட்டை ஹோஸ் உள்ள வண்டிக்குச் சொல்லவே வேண்டாம்.

பையன் ஒரு வருடம் முன்பு வாங்கிய ப்ளூடூத் ஸ்கேனரை எடுத்துவந்தான். வண்டி அதோடு பேசவே இல்லை. இந்தியாவில் ஓ.பி.டி. கட்டாயமானதே 2010-ல் பி.எஸ். 4 வந்த நகரங்களில் தொடங்கித்தான். 2009 திண்டுக்கல் வண்டிக்கு அந்தப் பாசை எங்கே தெரியும்? :)

தாத்தா சிரித்தார். "பூட்டுக்கு மிசினா வச்சுப் பாத்தோம்? காதத் தீட்டுடா."

பூட்டுக்குள் எந்த லீவர் சிக்குகிறது என்று சாவியைத் திருப்பும் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர்கள் அந்தப் பட்டறைக்காரர்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு முழம் வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் படாமல் என்ஜின் மேல் மெதுவாக நகர்த்தினான் பையன். த்ராட்டில் பாடியின் அடியில் "ஸ்ஸ்ஸ்". அந்த "அதனால் என்ன" பேக்கிங்!

உறுதி செய்ய வேண்டுமே. தாத்தா ஊதுபத்தியைக் கொண்டுவரச் சொன்னார், புகையை எங்கே இழுக்கிறது என்று பார்க்கலாம் என்றார். யோசனை சரிதான், பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் என்ஜினை அணைத்துவிட்டு மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே வெளியே கசிகிறது என்று பார்க்கிறார்கள். ஆனால் பெட்ரோல் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் தாத்தா என்று பையன் மறுத்துவிட்டான். கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே அடிக்கும் வழக்கமும் அப்படித்தான், சூடான சைலன்ஸர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். அதனால் பாட்டிலில் சோப்புத் தண்ணீர். பிளக் ஒயர் பக்கம் படாமல் அந்த இணைப்பில் பீய்ச்சினான். சத்தம் அமுங்கியது, ஐட்லிங் இறங்கியது. தண்ணீர் ஓட்டையை ஒரு நொடி அடைத்துவிட்டது. ஒரு லீக் மாட்டியது.

நல்லவேளை, சனிக்கிழமை கடை இருந்தது. புது பேக்கிங் வாங்கி, மேல்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, போல்ட்டுகளை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். ஐட்லிங்கில் ஆட்டம் போய்விட்டது. பையன் பானெட்டைச் சாத்தக் கை வைத்தான்.

"பிரேக்க மிதிச்சுப் பாத்தியா?" என்றார் தாத்தா.

மிதித்தான். சீறல் இன்னும் இருந்தது!

ஒரு ஓட்டை கிடைத்துவிட்டால் அதுதான் ஓட்டை என்று மனசு நம்பிவிடுகிறது. இரண்டு இருக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

இப்போது பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ். பூஸ்டர் முனையில் துணி சுற்றி பிளையரால் அமுக்கினான். சத்தம் மாறவில்லை. அப்படியானால் பூஸ்டருக்குள் திரை கிழியவில்லை, அந்தப் பெரிய செலவு இல்லை. என்ஜினை அணைத்து, ஹோஸை மேனிஃபோல்டிலிருந்து உருவி, அந்த மூக்கை ரப்பர் மூடியால் அடைத்து ஸ்டார்ட் செய்தான். சுத்தமாக அமைதி. ஆக, மேனிஃபோல்டுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் ஹோஸில்தான் வினை. வளைத்துப் பார்த்தால், அடிப்பக்கத்தில், கிளிப்புக்குப் பக்கத்தில், உதடு மாதிரி ஒரு பிளவு. 15 வருடம் சூட்டில் வெந்து காய்ந்த ரப்பர். போன ஞாயிறு கை நுழைய இடம் வேண்டும் என்று அதைப் பிடித்து முறுக்கி உருவியது யார்? அவனேதான்.

அப்பா வந்து நின்றார். பையன் எல்லாவற்றையும் சொன்னான், ஸ்குருவைத் திருகி மறைத்தது உட்பட. அதைச் சொல்வதுதான் பேக்கிங் மாற்றுவதை விடக் கஷ்டமாக இருந்தது. அப்பா ஒன்றும் திட்டவில்லை. "நான் கட்டையா இருக்குன்னு சொன்னேன்ல" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

புது ஹோஸ் வாங்கும்போது ஒரு விசயம். தண்ணீர் ஹோஸ் இதற்கு ஆகாது, வேக்கம் இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டருக்கென்றே வரும் ஹோஸ்தான் வேண்டும். நடுவில் உள்ள ஒருவழி வால்வின் அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். ஸ்குரு பழைய இடத்துக்கு எப்படித் திரும்பியது? கழற்றும் முன் செல்போனில் எடுத்த படத்தில் மரை எத்தனை வெளியே தெரிகிறது என்று எண்ணி வைத்தான்.

கடைசிச் சோதனையை வண்டி வைத்திருக்கும் எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம். என்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும் வரை நாலைந்து தடவை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்கம் வருகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் மலைப் பக்கம் போகாதீர்கள்.

ஆல்டோவில் பெடல் இறங்கியது. அப்பா மிதித்துப் பார்த்தார். அப்புறம் தாத்தாவும் ஒரு தடவை.

ஞாயிறு சிறுமலை போனார்கள். இறங்கும்போது அப்பா இரண்டாவது கியரில் இறக்கினார். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குபவர்கள் கவனிக்க, கியரில் காலை எடுத்து இறங்கும்போதுதான் மேனிஃபோல்டில் வேக்கம் அதிகம். என்ஜினும் பிடிக்கும், பூஸ்டரும் பலமாக இருக்கும். 18 வளைவும் முடிந்து சமதளம் வந்து, தூரத்தில் மலைக்கோட்டை தெரிந்தபோது பையன் ஜன்னலை ஏற்றிவிட்டுக் காதைக் கூர்மையாக்கினான்.

பின் சீட்டில் தாத்தாவின் குறட்டைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.