ஓசி சீட்டில் போன ஹாம்சாட்

திருத்தணி மலையில் 365 படியும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டே வடகிழக்கே திரும்பினால் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நேர்கோட்டில் 100 கி.மீ.க்குள் ஸ்ரீஹரிகோட்டா. 2005 மே 5 காலை அங்கிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி-சி6 ராக்கெட்டில் 1,560 கிலோ கார்ட்டோசாட்-1 தான் பெரிய மனிதர். கூடவே 42.5 கிலோவில் ஒரு சின்னப் பெட்டியும் போனது. அதுதான் ஹாம்சாட்.

ஹாம் என்றால் சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லைங்க! அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ரேடியோவில் பேசுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள். வேலையற்ற வேலை என்பவர்களுக்கு 2004 சுனாமியே பதில். அந்தமானில் போன் எல்லாம் செத்துப்போனபோது, தற்செயலாக போர்ட் பிளேரில் இருந்த ஹாம்கள்தான் வெளியே சேதி அனுப்பினார்கள்.

ஹாம்சாட் செய்தது இவ்வளவுதான்: கீழிருந்து 435 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 145 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும். 600 கி.மீ.க்குச் சற்று மேலே சுற்றியதால், திருத்தணியில் பேசினால் டெல்லிக்கும் கொழும்புக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். ஆனால் கால் மணி நேரத்துக்குள் அடிவானத்தில் இறங்கிவிடும். அதற்குள் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே, நழுவும் அலைவரிசையையும் துரத்த வேண்டும். நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன், நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குமே, அதே கதை. இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்தின் வென்லோவில் படித்த ஒரு மாணவர். (இங்கே பலருக்கு ப்ராஜெக்ட் ரிச்சி தெருவில் கிடைக்கிறது, அது வேறு விஷயம்!)

கணக்குப் பார்த்தால், ராக்கெட்டின் விலை ஒன்றும் குறையவில்லை. எப்படியும் கிளம்பப்போகிற வண்டியில் மீதியிருந்த இடம், அவ்வளவுதான். ஓசி சீட்டில் ஏறியவர் ‘என்னை அந்தத் தெருவில் இறக்கிவிடுங்க’ என்று கேட்க முடியுமா? நாளும் பாதையும் பெரியவருக்காக முடிவானவை. அப்படியும் இரண்டு வருடத்துக்கென்று செய்தது ஒன்பது வருடம் உழைத்து, 2014 ஜூலையில் பேட்டரி போய் ஓய்ந்தது.

சின்னவர்களுக்கென்றே வந்த வண்டி எஸ்.எஸ்.எல்.வி. 2022 ஆகஸ்ட் 7 முதல் பயணத்தில், 750 அரசுப் பள்ளி மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட் ஏறியது. சென்சார் கோளாறில் பாதை 76 கி.மீ. வரை தாழ்ந்துபோனது. அந்த உயரத்தில் எதுவும் தங்காது. போச்சு!

ஆறே மாதத்தில் ஆசாதிசாட்-2 தயார். 8.7 கிலோ, உள்ளே ஹாம் கருவியும் உண்டு. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. அதை 450 கி.மீ. உயரத்தில் சரியாகக் கொண்டுபோய் விட்டது.