பாட்டி பார்த்த இரண்டாவது கோபுரம்

ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் ஒன்றுதான். 13 நிலை, 236 அடி, கட்டி முடித்தது 1987-ல். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எங்கள் பாட்டியைத் தவிர :-)

பாட்டி வீடு அம்மா மண்டபம் ரோட்டில். ஒரு நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "டேய், கோபுரம் ரெண்டா தெரியறதுடா" என்றாள். மறுநாள் காலையில் கேட்டால், "இப்ப ஒண்ணுதான்" என்றாள். நாங்கள் சிரித்தோம். கண்ணாடியை மாற்றினோம், பிரயோஜனமில்லை. "எல்லாம் நம்மைப் பக்கத்திலேயே வச்சுக்கத்தான்" என்று வீட்டில் ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

கடைசியில் திருச்சியில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் கேட்டது: "ஒரு கண்ணை மூடினா?" "ஒண்ணாயிடறது" என்றாள் பாட்டி. பிறகு தன் விரலைத் தூக்கிப் பிடித்து, அதையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிஷத்துக்குள் பாட்டியின் இடது இமை மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. கீழே பார்த்துவிட்டு சட்டென்று நேரே பார்க்கச் சொன்னார். இமை ஒரு துள்ளு துள்ளி மேலே போய், மறுபடி தொய்ந்தது. 1965-ல் இதைப்பற்றி எழுதிய கோகன் என்ற டாக்டரின் பெயரிலேயே இதைச் சொல்கிறார்களாம். மூடிய இமைமேல் இரண்டு நிமிஷம் ஐஸ் வைத்து எடுத்ததும் கண் நன்றாகத் திறந்தது!

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் தசையில் போய்ச் சேரும் இடத்தை, நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கெடுத்துவிடுகிறது. தசை வேலை செய்யச் செய்யத் தளரும், ஓய்வெடுத்தால் தேறும். பெரும்பாலும் கண்ணில்தான் ஆரம்பம். இரண்டு கண்ணும் ஒரே அளவுக்குத் திரும்பாவிட்டால் ஒன்று இரண்டாகத் தெரியும். அமிதாப் பச்சனுக்கும் 1980-களில் இதே நோய் வந்தது.

ஆக, பாட்டி காலையில் சொன்னதும் நிஜம், சாயங்காலம் சொன்னதும் நிஜம். பொய் சொன்னது நாங்கள்தான்.

இப்போது பைரிடோஸ்டிக்மைன் மாத்திரை சாப்பிடுகிறாள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும், இந்த நோய்க்கு ஆகாத சில ஆன்டிபயாடிக்குகளும் உண்டு என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

போன வாரம் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துப் போயிருந்தேன். சாயங்காலம் மாடிக்குப் போய், "எத்தனை பாட்டி?" என்றேன்.

"ஒண்ணுதான். இனிமேலாவது நான் சொன்னா நம்புடா."

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிச் சொன்னால் சிரிக்காதீர்கள் மக்களே. முதலில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.