ஊமைச் சாட்சி

நம் கல்லூரி மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு பத்திராசிரியர் பணித்தபோது, கற்றோர் நிறைந்த இவ்வவைக்கு ஏற்ற பொருள் யாதென்று நெடுநேரம் எண்ணியிருந்தேன். அப்போது என் மேசை அறையிலுள்ள சிறு பெட்டியொன்று கண்ணிற்பட்டது. அதனுள் இருப்பது ஓர் ஈயக் குண்டு; விலைக்கு விற்றால் ஒரு கோப்பைத் தேநீருக்கும் போதாது. ஆயினும் அதன் வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன். அஃது என் பிழையொன்றின் வரலாறுமாம்.

யான் பிறந்த சிற்றூர் வந்தவாசிக்கு அண்மையிலுள்ளது. 1760-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22-ஆம் நாள், கூட் என்பவரின் தலைமையில் ஆங்கிலேயரும், லாலிப் பிரபுவின் தலைமையில் பிரெஞ்சுக்காரரும் அவ்வூர்க் கோட்டையின் பொருட்டுப் போர்புரிந்தனர். பிரெஞ்சுக்காரர் தோற்றனர், மறு ஆண்டே புதுச்சேரியும் வீழ்ந்தது. இவையெல்லாம் பின்னர்ப் புத்தகத்திற் கற்றவை. சிறுவராயிருந்த எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், புன்செய் உழுது முதல் மழை பெய்தபின் மண் கழுவுண்டு, சாம்பல் பூத்தாற்போன்ற வெண்ணிற உருண்டைகள் சில வெளிப்படும் என்பதே. அவை கைக்கு அடங்கும் அளவினவாயினும் கனத்தால் வியப்பூட்டும். என் பாட்டி அவற்றைப் பழங்காலத்து எடைக்குண்டுகள் என்பார். மாமன் வலையில் கோக்கும் ஈயமணி என்பார். எங்களுக்கோ அவை கோலிகளே.

மூன்று ஆண்டுகளில் ஒரு தகரக் குவளை நிறைய அவற்றைச் சேர்த்தோம். ஒருநாள், பழைய இரும்புக்கும் ஈயத்திற்கும் பேரீச்சம்பழம் தருவோன் தெருவிற் கூவிக்கொண்டு வந்தான். குவளையை அவன் தராசிற் கவிழ்த்தோம். ஆளுக்கு ஒரு கை பழம் கிடைத்தது. அதனினும் இனிய வாணிபத்தை அந்நாளில் யாங்கள் கண்டதில்லை. குறி தவறாது உருளும் என் ஆட்டக் குண்டு ஒன்றை மட்டும் காற்சட்டைப் பையில் மறைத்துக்கொண்டேன். பின்பு அதன் வெண்பூச்சு அழுக்கென்றெண்ணிப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்தேன்.

கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில், பொருள்களின் ஒப்படர்த்தி காணும் சோதனை ஒருநாள் நடைபெற்றது. விளையாட்டாக அக்குண்டினை எடுத்துச் சென்று பௌதிக ஆசிரியரிடம் நீட்டினேன். அவர் சிரித்து, “தம்பி, இன்றைக்கு உனக்கு இதுவே சோதனைப் பொருள்” என்றார். காற்றில் அதன் எடை 26.4 கிராம்; நீரில் அமிழ்த்தியபோது ஏறத்தாழ 24.1 கிராம். கணக்கிட்டால் ஒப்படர்த்தி 11-க்குச் சற்று மேற்பட்டு நின்றது. ஈயம் என்பது உறுதியாயிற்று. விட்டம் 16.4 மில்லிமீட்டர். ஆசிரியர் பூதக்கண்ணாடியால் நோக்கி, அதன் நடுவே மங்கிய வரையொன்று சுற்றிச் செல்வதைக் காட்டினார். அஃது இரு பாதியாகிய அச்சில் வார்த்ததன் தழும்பு.

அங்கிருந்து அது சரித்திர ஆசிரியரின் கைக்குப் போயிற்று. அவர் கூறியவை இன்றும் நினைவில் உள்ளன. அக்காலத்து ஆங்கிலப் படைத் துப்பாக்கியின் குழல் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலமுடையது. அதில் இட்ட குண்டு 17.5 மில்லிமீட்டர் அளவும் 32 கிராம் எடையும் கொண்டது. பிரெஞ்சுத் துப்பாக்கியின் குழலோ 17.5 மில்லிமீட்டர், அதன் குண்டு 26, 27 கிராம் அளவில் நிற்கும். குழலினும் குண்டு சற்றுச் சிறிதாயிருப்பது, புகைக்கரி படிந்த குழலினுள்ளும் தடையின்றி இறங்குதற்பொருட்டாம். மேலும், எய்யப்பட்ட குண்டு எலும்பிலோ மரத்திலோ கல்லிலோ மோதி நசுங்கும். இதுவோ வார்த்த வடிவு குன்றாதிருந்தது. ஆகலின் இஃது எய்யப்படாமல் யாரோ ஒருவன் கையினின்று தவறி விழுந்தது போலும் என்றார்.

யான் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. “ஐயா, அப்படியானால் இது லாலியின் படைவீரனுடையதோ?” என்றேன். அவர் உடனே விடை கூறவில்லை. “எந்த இடத்திற் கண்டெடுத்தாய்?” என்று வினவினார். பாட்டியின் நிலம் என்றேன். நிலத்தில் எப்பகுதி? அறியேன். உடன் கிடந்தவை எவை? பேரீச்சம்பழமாயின என்று சொல்ல நாணிப் பேசாதிருந்தேன். அவர் குண்டினை என் உள்ளங்கையில் வைத்து மூடி, “தம்பி, இஃது இன்னதென்பதை அளந்து சொல்லிவிட்டோம். யாருடையது என்பதை இடமன்றோ சொல்ல வேண்டும்? சிறு குழலுடைய துப்பாக்கிகள் ஆங்கிலேயரிடத்தும் இருந்தன. நாட்டுத் துப்பாக்கிகளுக்கு ஒரே அளவென்பது இல்லை. 1780-க்குப் பின் ஐதரலியின் படைகளும் அக்கோட்டையை முற்றுகையிட்டன. இனி இஃது ஊமைச் சாட்சி” என்றார்.

அச்சொல்லின் முழுப்பொருளை அறியப் பல ஆண்டுகள் சென்றன. அலுவல் நிமித்தம் ஜெர்மனிக்குச் சென்ற யான், ஓய்வுநாளொன்றில் ஓஸ்னாப்ரூக் நகருக்கு வடக்கேயுள்ள கால்க்ரீஸ என்னும் சிற்றூரின் அருங்காட்சியகத்தைக் காணச் சென்றேன். கி. பி. 9-ஆம் ஆண்டில் வாரஸ் என்னும் உரோமானியத் தலைவன் மூன்று பெரும்படைப் பிரிவுகளுடன் ஜெர்மானியக் காட்டுவழியே சென்றபோது, உரோமப் படையிலேயே பயின்ற ஆர்மினியஸ் என்பவன் தன் இனத்தாரைத் திரட்டி வழிமறித்து அப்படையை அழித்தான். வாரஸ் தன் வாளிலே வீழ்ந்து மாய்ந்தான். இப்போர் நிகழ்ந்த இடம் எதுவென்று பல நூற்றாண்டுகள் அறிஞர் வழக்காடினர். ஆர்மினியஸுக்கு வானளாவிய சிலையை 1875-இல் டெட்மோல்ட் நகரின் அருகே நிறுவினர். அஃது இவ்விடத்தினின்று வெகு தொலைவிலுள்ளது. கால்க்ரீஸ வட்டாரத்திற் கிடைத்த பழங்காசுகளைக் கொண்டு போர்க்களம் இங்கேயே இருத்தல் கூடுமென்று மோம்சன் என்னும் பேரறிஞர் 1885-இல் எழுதினார். அதனை ஏற்றோர் சிலரே.

1987-இல் டோனி கிளன் என்னும் ஆங்கிலப் படை மேஜர் அந்நகரிற் பணிபுரிய வந்தார். உலோகங்காட்டும் கருவியைக் கொண்டு நிலத்தை ஆராய்வது அவர்தம் பொழுதுபோக்கு. அக்கருவியின் சுருளில் மாறிமாறி ஓடும் மின்சாரம் மண்ணுள்ளிருக்கும் உலோகத்தில் சுழல்மின்னோட்டத்தைத் தூண்ட, அதன் காந்த விளைவு கருவியில் ஒலியாய்க் கேட்கும். பாரடேயின் விதியைக் கற்ற நம் மாணவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. ஆனால் ஆணிக்கும் அணிகலனுக்கும் அது பெரும்பாலும் ஒன்றுபோலவே ஒலிக்கும். பொருளை உணர்தல் மனிதனின் வேலை. கிளன் முதலில் அந்நாட்டுத் தொல்பொருள் அதிகாரியாகிய ஷ்லூட்டரிடம் சென்று இசைவு பெற்றார். பின்னரே வயலில் இறங்கி, கண்ட பொருள் ஒவ்வொன்றன் இடத்தையும் குறித்து வைத்தார்.

வெள்ளிக் காசுகள் பல கிடைத்தன. ஆயினும் காசு வணிகன் மூட்டையிலிருந்தும் சிந்தலாம். மறு ஆண்டில், முட்டைபோல் நீண்டு இருமுனையும் ஒடுங்கிய மூன்று ஈயத் துண்டுகள் அவர் கையில் அகப்பட்டன. ஷ்லூட்டர் அவற்றைக் கண்டவுடனே அறிந்தார்: அவை கவணில் வைத்தெறியும் குண்டுகள். நம் தினைப்புனம் காத்த மகளிர் கவணிற் கல் வைத்தெறிந்தது கிளி கடிதற்கு. உரோமானியன் ஈயம் வைத்தெறிந்தது மனிதரைக் கொல்லுதற்கு. வணிகன் கவண்குண்டு சுமந்து திரியான். ஆகவே அங்குப் படை இருந்தது என்பது துணியப்பட்டது. அதன்பின் முறையாக அகழ்ந்தனர். குதிரைவீரனின் இரும்பு முகமூடி வெளிப்பட்டது. வாரஸின் பெயரெழுத்துக்கள் பொறித்த செப்புக் காசுகள் வந்தன. கி. பி. 9-க்குப் பிற்பட்ட காசு ஒன்றேனும் போர்க்களப் பொருள்களோடு கலந்திலது. நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்தபின் புதைக்கப்பட்ட மனித எலும்புகள் குழிகளிற் கிடைத்தன. ஆறாண்டு கழித்து ஜெர்மானிக்கஸ் வந்து எலும்புகளை அடக்கம் செய்தான் என்று டாசிட்டஸ் எழுதியதனோடு அது பொருந்திற்று. ஐயுறுவோர் இன்றும் உளர். ஆயினும் அவரும் வழக்காடுவது இடமறிந்து எடுத்த இச்சான்றுகளைக் கொண்டே.

அக்காட்சியகத்தில் நெடுநேரம் நின்றேன். அம்மூன்று துண்டுகளும் ஈயமே, என்னுடையதும் ஈயமே. அவை ஒரு போர்க்களத்தையே பேசின. என்னுடையது ஒன்றும் பேசவில்லை. எங்கள் தகரக் குவளைக் குண்டுகளை எடுத்த இடத்தைக் குறித்து நிறுத்துப் பார்த்திருந்தால், 26 கிராம் குண்டுகள் ஒருபுறமும் 32 கிராம் குண்டுகள் மறுபுறமும் பிரிந்திருக்கலாம். உருண்டையானவை வீரர் நின்ற வரிசையையும், நசுங்கியவை குண்டு பாய்ந்த திசையையும் காட்டியிருக்கலாம். இருதரப்பிலும் நின்ற சிப்பாய்கள் நம் நாட்டவர். சம்பளத்திற்காகப் பிறர் போரில் மாண்ட அவர்களின் பெயர்களைச் சரித்திர நூல்கள் எழுதவில்லை. மண் எழுதி வைத்திருந்த சிறு குறிப்பையும் யான் பழத்திற்கு விற்றேன். இன்று பாட்டியும் இல்லை. அந்நிலமும் மனைகளாகி வீடுகள் எழுந்துவிட்டன.

மாணவ நண்பர்காள்! உங்கள் ஊர் மண்ணில் பழம்பொருள் ஏதேனும் தென்படுமாயின் அதனைத் தேய்க்கற்க, விற்கற்க. கிடந்தபடியே அளவுகோலொன்றை அருகில் வைத்துப் படம் பிடித்து, இடத்தைக் குறித்து, வருவாய்த் துறையினருக்கோ தொல்லியல் துறையினருக்கோ அறிவியுங்கள். மண்ணிற் கண்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டுமென 1878-ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்துள்ளது.

சென்ற திங்கள் அப்பெட்டியைத் திறந்து, குண்டினடியில் ஒரு துண்டுத்தாள் எழுதி வைத்தேன். “ஈயக் குண்டு. 26.4 கிராம். எய்யப்படாதது. வந்தவாசிக்கருகே கிடைத்தது. சரியான இடம் தெரியவில்லை. குறிக்கத் தவறியவன் யான்.” என் பெயரையும் கையொப்பமிட்டேன்.