பச்சைத் தபால்பெட்டி வரை

நியூரியில் பஸ் ஏறும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். பின்னே, இருபது கிலோமீட்டரில் இருக்கிற டண்டாக் வேறு நாடாச்சே! நியூரி இருப்பது பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில். டண்டாக் அயர்லாந்துக் குடியரசில், அதாவது ஐரோப்பிய யூனியனில். நடுவில் எல்லை வருமே என்று ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவே இல்லை.

சாலையோரக் கோடு வெள்ளையிலிருந்து மஞ்சளானது. வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஊர்ப் பெயர்கள் ஐரிஷ் மொழியிலும் எழுதியிருந்தன. அவ்வளவுதான். நம்மூர் டோல்கேட்டில்கூட இதைவிட அதிக நேரம் நிற்போம்.

ஆனால், 3,500-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட முப்பதாண்டுக் கலவரக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ராணுவச் சோதனைதான். குன்றுகளின் உச்சியில் கண்காணிப்புக் கோபுரங்கள். பல கிராமச் சாலைகளை ராணுவமே அடைத்து வைத்திருந்தது. கோபுரங்களை 1998-ன் புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக அகற்றினார்கள்.

2016-ல் ஐரோப்பிய யூனியனை விட்டு விலக பிரிட்டன் 52-48 என்று வாக்களித்தது. வட அயர்லாந்தில் மட்டும் பார்த்தால், 56 சதவிகிதம் பேர் 'இருப்போம்' என்றே ஓட்டுப் போட்டிருந்தார்கள். சுமார் 500 கிலோமீட்டர் எல்லையில் மறுபடி செக்போஸ்ட் முளைத்தால் பழைய ரணம் திறந்துகொள்ளுமே என்ற பயம். அதனால் சரக்குச் சோதனையை அப்படியே தூக்கிக் கடலோரத்தில் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கப்பலில் வரும் சரக்குக்கு லார்ன், பெல்ஃபாஸ்ட் துறைமுகங்களில் சோதனை. ஒரே நாட்டுக்குள்ளேயே! 'எங்களைப் பிரிட்டனிலிருந்து பிரிக்கிறீர்களா?' என்று ஒரு பெரிய கட்சி வெளியேற, 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் அங்கே மாகாண அரசே நடக்கவில்லை. 2023-ல் விண்ட்சர் ஏற்பாடு வந்து கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது. அதன் அடையாளத்தை அக்கா வீட்டு ஃபிரிட்ஜிலேயே பார்த்தேன். சிக்கன் பாக்கெட்டின் மேல் 'ஐரோப்பிய யூனியனுக்கு அல்ல' என்று அச்சாகியிருந்தது.

அக்கா என்றால் என் பெரியம்மா மகள். நியூரியில் நான்கு வருடமாக நர்ஸ். 'நீயும் வாயேன், சாயந்திரம் திரும்பிடலாம்' என்றேன். சிரித்தாள். "எனக்கு விசா இல்லடா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பிரிட்டன் சுற்றுலா விசாவில் 'பி.ஐ.வி.எஸ்.' என்று நான்கு எழுத்து இருந்ததால் அயர்லாந்துக்கும் செல்லும். பிரிட்டனில் வேலை விசாவில் இருக்கும் இந்தியர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அயர்லாந்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது பிரெக்ஸிட்டால் வந்த வினையும் அல்ல, முன்பும் இப்படித்தான். பத்து நாள் விருந்தாளி நான் போகலாம், அங்கேயே குடியிருக்கும் அவள் போகக் கூடாது. செக்போஸ்ட்தான் இல்லையே என்று கிளம்பவும் முடியாது. எப்போதாவது ஐரிஷ் போலீசார் பஸ்ஸில் ஏறி அடையாள அட்டை கேட்பதுண்டு. "மாட்டினா வேலைக்கே ஆபத்து. பசங்க பள்ளிக்கூடத்துல டண்டாக் டூர்னாகூட எனக்கு வயித்தக் கலக்கும்" என்றாள்.

டண்டாக்கில் இறங்கியதும் வீடியோ கால் போட்டு, தெருமுனைத் தபால்பெட்டியைக் காட்டினேன். பச்சை நிறம்.

"நம்ம பக்கம் சிவப்புடா" என்றாள். கொஞ்சம் விட்டு, "சின்னவன் யூரோ காசு பார்த்ததில்ல. வரும்போது ஒண்ணு கொண்டு வா" என்றாள்.

இரண்டாகக் கொண்டுபோனேன்.