பல்லுக்கு வெள்ளை அடிக்கும் முன்

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனதுமே பல்லைப் பற்றிய கவலை ஆரம்பித்துவிடுகிறது. அக்கா மகள் ஒரு ரீல்ஸ் அனுப்பியிருந்தாள்: எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் கலந்து தேய்த்தால் பல் பளீராம். "சித்தி, செய்யலாமா?"

வேண்டாம்டி. எலுமிச்சையின் அமிலம் எனாமலை இளக்கிவிடும். அந்த நேரத்தில் எதைத் தேய்த்தாலும் அது சீவிக்கொண்டு போகும். போன எனாமல் திரும்ப வளராது. அடியில் இருக்கும் டென்டினோ இயல்பிலேயே மஞ்சள். ஆக, தேய்க்கத் தேய்க்க மஞ்சள்தான் கூடும். கரித்தூள் பேஸ்ட்டும் பல்லைத் தேய்க்கிற ரகம்தான். (பாட்டி கரியில்தானே விளக்கினார் என்று கமெண்டில் வராதீர்கள். பாட்டிகளின் பல்லை நானும் பார்த்திருக்கிறேன்.)

காபி, வெற்றிலைக் கறை மட்டும் என்றால் மருத்துவரிடம் ஒரு க்ளீனிங்கே போதும். பல்லின் நிறமே மாற வேண்டுமானால் பெராக்சைடுதான். அளவெடுத்துச் செய்த ட்ரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை வைத்து இரவில் போட்டுக்கொண்டால், இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். கொஞ்சம் கூசும், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அதற்குமுன் சொத்தை, ஈறு எல்லாம் பார்த்தாக வேண்டும். கேப் போட்ட பல்லும் ஃபில்லிங்கும் வெளுக்காது; முன்பல்லில் இருந்தால் போட்டோவில் தனியாகத் தெரியும். தருமபுரிப் பக்கம் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் வரும் பழுப்புக்கு ஜெல் மட்டும் போதாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் பல் மருத்துவர் வழியாகத்தான் வாங்க முடியும். 18 வயதுக்குக் கீழே கிடையவே கிடையாது. இங்கே இன்ஸ்டாவில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது, சதவீதம் எதுவும் அச்சிடாத டப்பாவில்.