பலகையில் ஓடிய கார்



முதலாமாண்டில் எனக்கு விழுந்த பிசிக்ஸ் அரியர் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பத்தாவது வரை தமிழ் மீடியம். வெலாசிட்டி, ஆக்சிலரேஷன் என்று சார் போர்டில் எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்தேன். வைவாவில் "ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று கேட்டபோது ஃபார்முலாவைச் சொன்னேன். "சரி, அதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். நின்றேன். வீட்டிலும் கேட்க ஆள் கிடையாது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

அர்த்தம் புரிந்தது ஒரு பொம்மைக் காரால். போன மே லீவில் அக்கா தன் ஆறு வயதுப் பையனை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அவன் கையில் எப்போதும் இரண்டு கார். "மாமா, எது ஸ்பீடு?" நாள் முழுக்க இதே கேள்விதான்.

பிசிக்ஸ் சார் ஒருமுறை வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. சிறு பிள்ளைகள் வேகத்தை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஜான் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் 1946-ல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். அதில் வரும் சோதனையைச் செய்து பார்த்தேன். பழைய காலண்டர் தாளைச் சுருட்டி இரண்டு குகை. ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டு காரிலும் நூல் கட்டி, ஒன்றாக நுழைந்து ஒன்றாக வெளியே வரும்படி இழுத்தேன். (சொல்வதுபோல் சுலபமில்லை, நாலு தடவை நூல் சிக்கியது.)

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. ஒண்ணாத்தானே வந்துச்சு!"

தாளை எடுத்துவிட்டு மறுபடி இழுத்தேன். நீளப் பாதைக் காரைக் காட்டி, "இதுதான் ஸ்பீடு, பின்னாலேருந்து வந்து புடிச்சிடுச்சு" என்றான். குகையைத் திரும்ப வைத்தால் திரும்பவும் "ரெண்டும் ஒண்ணு". முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. தூரத்தை நேரத்தால் வகுத்து வகுத்து மார்க் வாங்கப் பார்த்த நானும் ஒரு நாளாவது அந்தத் தூரத்தைப் பார்த்தேனா?

அடுத்து, நாலடிப் பலகை ஒன்றைச் செங்கல் மேல் சாய்த்து வைத்தோம். போனில் ஸ்டாப்வாட்ச் பார்த்து நான் "ஒண்ணு... ரெண்டு..." சொல்ல, கார் இருக்கிற இடத்தில் அவன் சாக்பீஸால் கோடு போட வேண்டும். முதலில் எல்லாம் கோணல்மாணல். பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகுதான் கோடுகள் ஓரிடத்தில் விழ ஆரம்பித்தன. முதல் செகண்டில் என் கையால் ஒரு சாண். அடுத்த செகண்டில் கிட்டத்தட்ட மூன்று சாண்! கலிலியோவும் பலகையில் பள்ளம் வெட்டிக் குண்டை உருட்டி, ஒழுகிய தண்ணீரை எடை போட்டு நேரம் பார்த்ததாக 1638-ல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தூரம் 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகும். என்ஜினும் இல்லை, தள்ளுகிறவரும் இல்லை; செகண்டுக்குச் செகண்ட் வேகம் ஏறுகிறது. அந்த ஏற்றம்தான் ஆக்சிலரேஷன். வைவாவில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

பையன் விடவில்லை. "கல்லு வெச்சா இன்னும் ஸ்பீடா போகுமா மாமா?"

"போகும்டா" என்று சொல்லிவிட்டேன். வைத்தோம். பெரிதாக ஒரு வித்தியாசமும் இல்லை. மாமா மானம் போயிற்று.

அப்பா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ட்ரைசைக்கிளில் தண்ணீர் கேன் போடுகிறவர். மூணாவதோடு நின்றவர். "காலி வண்டியும் பாலத்துல இறங்கும், லோடு வண்டியும் இறங்கும். நிறுத்தறப்பதாண்டா தெரியும். லோடு இருந்தா பாலம் முடியறதுக்கு முன்னாடியே பிரேக் புடிக்கணும்" என்றார். எழுந்து வந்து பலகையின் அடியில் தீப்பெட்டியை வைத்தார். காலிக் கார் முட்டிக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நின்றது. கல் வைத்த கார் தீப்பெட்டியைத் தள்ளிக்கொண்டே போனது. பையன் தாத்தா பக்கம் சேர்ந்துவிட்டான்.

பாலிடெக்னிக் சேர்ந்ததிலிருந்து அப்பாவிடம் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை நான். அவருக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்புதான். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அரியர் பேப்பரை அக்டோபரில் எழுதிவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா, "என்னடா கேட்டான்?" என்றார். முதல் தடவையாகக் கேட்கிறார். கேள்வித்தாளை எடுத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். சோறு ஆறிப்போகிறது என்று அம்மா இரண்டு தடவை குரல் கொடுத்த பிறகும், "அடுத்தது?" என்றார்.