அம்மப்பா உடைக்காத பெட்டி

எங்கள் வீட்டில் ஒரு பிளேயர்ஸ் சிகரட் பெட்டி இருந்தது. உடைக்காதது. மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள் மஞ்சளாகி, மூலைகளில் சுருங்கி, தொட்டால் சரசரக்கும். வீட்டில் எவரும் புகைப்பதில்லை. அம்மப்பா திருகோணமலை டொக்யாட்டில் வெள்ளைக்காரனின் களஞ்சியத்தில் கிளாக்காக இருந்தவர். வெற்றிலை தவிர வேறு பழக்கம் இல்லாதவர். யாரோ ஒரு கடற்படைக்காரன் கொடுத்ததாம். மறுப்பது மரியாதையில்லை என்று வாங்கி, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

உயிர்காப்பு வளையத்துக்குள் தாடிக்கார மாலுமி ஒருவன். அவனுக்குப் பின்னால் இரண்டு கப்பல்கள். உள்துறைமுக வீதியில் நின்றால் தெரிகிற கடல்தான் அந்தப் படத்தில் இருப்பது என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். வருடத்தில் ஒருநாள், சரஸ்வதி பூசைக்கு அலுமாரி துடைக்கும்போது, அது எங்கள் கைக்கு வரும். அண்ணை அதைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்ப்பார்.

“அம்மப்பா, உதை உடைச்சுப் பாப்பமே?”

“உடைச்சா உதிலை என்ன இருக்கு?”

என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் சண்டையே. பழைய சிகரட் பெட்டிகளுக்குள் ஒரு பட அட்டை இருக்கும் என்று அம்மப்பாவே சொல்லியிருந்தார். ஆரம்பத்தில் அந்த அட்டை மெல்லிய காகிதப் பக்கற் நசியாமல் இருக்க வைத்த முட்டுத்தான். அதில் படம் அச்சடித்தால் ஆட்கள் சேர்ப்பார்கள், சேர்ப்பதற்காக இன்னொரு பக்கற் வாங்குவார்கள் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கம்பனிகள் கண்டுகொண்டன. பிளேயர்ஸ் 50 அட்டை கொண்ட தொடர்களாக வெளியிட்டது. பூ, பறவை, விமானம், கிறிக்கற் வீரர், போர்க்கப்பல். ஒட்டிவைக்க ஒரு பென்னிக்கு அல்பமும் விற்றார்கள். எங்கள் பெட்டிக்குள் இருப்பது கிறிக்கற் வீரர் பிராட்மன் என்று அண்ணை சாதிப்பார். எனக்குக் கப்பல் வேண்டும்.

1990 ஜூனில் நாட்டில் யுத்தம் திரும்பத் தொடங்கியபோது வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். பெட்டி அப்போது அலுமாரியிலிருந்து றங்குப் பெட்டிக்கு மாறி, அம்மம்மாவின் கூறைச்சேலைக்குக் கீழே இருந்தது. எடுத்திருக்கலாமே என்று இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். பால்மாப் பெட்டியைக்கூடத் திறந்து கம்பியால் குத்திப் பார்த்த காலம் அது. ஒட்டியபடி இருக்கிற எதையும் சென்றியில் நிற்பவன் நம்பமாட்டான். கொண்டுபோயிருந்தால் முதல் சோதனையிலேயே உடைபட்டிருக்கும்.

நான் இப்போது வாழும் இங்கிலாந்தில் அதே ஒட்டியபடி இருக்கும் நிலைக்குத்தான் விலை. ஏலத்துக்கு வருகிற உடைக்காத பக்கற்றுகளை மேசையில் வைத்து ஆட்கள் மணிக்கணக்கில் ஆராய்வதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பதுண்டு. எனக்கு அது ஒரு பைத்தியம். முதலில் சுற்றுத்தாளைப் பார்ப்பார்கள். அந்தக் காலத்துச் செலோபேன் மரக்கூழிலிருந்து வந்தது. வயதானால் நொறுங்கும், ஓரத்தில் சிறு கீறல் விழுந்தாலே நீளத்துக்குக் கிழியும். இன்றைய பிளாஸ்ரிக் தாள் இழுபடும், பளபளக்கும். மடிப்புகள் பழைய இடத்திலேயே விழுந்திருக்கின்றனவா, அதற்குப் பக்கத்தில் இன்னொரு மடிப்பின் தழும்பு தெரிகிறதா, ஒட்டிய இடத்தில் புதுப் பசையின் மினுக்கம் உண்டா என்று பூதக்கண்ணாடி ஊர்ந்து போகும். பிறகு விளக்கை அணைத்து ஊதாக்கதிர் ரோர்ச் அடிப்பார்கள். வெண்மையூட்டும் இரசாயனம் காகிதத்தில் பரவலாகச் சேர்ந்தது 1950ஐ ஒட்டித்தான். அட்டை நீலமாக ஒளிர்ந்தால் அது பழசல்ல. ஒளிராவிட்டால் நிச்சயம் பழசு என்றும் இல்லை.

அமெரிக்காவில் உடைத்துத் திரும்ப ஒட்டுகிற வித்தை இன்னும் முற்றியது. அங்கே பபிள்கம்மோடு வந்த பேஸ்போல் அட்டைகள் மெழுகுத்தாளில் சுற்றியவை. இஸ்திரிப்பெட்டிச் சூட்டில் திரும்ப ஒட்டிவிடலாம். மெழுகு உருகி ஓடிய தடத்தை வைத்துத்தான் பிடிப்பார்கள். போக்கிமோன் பக்கற்றுகளைத் தராசில் வைத்து, பளபளப்பு அட்டை இருப்பது கொஞ்சம் பாரமாய் இருக்கும் என்று பொறுக்கியெடுத்து, மீதியை அப்பாவிகள் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. லோகன் போல் என்ற யூரியூப்காரர் 35 லட்சம் டொலர் கொடுத்து ஒரு பெட்டி போக்கிமோன் வாங்கினார். பேர்பெற்ற ஒரு நிறுவனம் பரிசோதித்து அசல் என்றது. 2022 ஜனவரியில் உடைத்துப் பார்த்தால் உள்ளே ஜீ.ஐ. ஜோ அட்டைகள்! வெளியுறையைச் சோதிப்பவன் உள்ளே இருப்பதற்கு எப்படிப் பொறுப்பெடுப்பது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதையெல்லாம் கற்று என்ன பயன்? பெட்டி என் கையில் இல்லை. ஆனாலும் ஞாபகத்தை வைத்தே ஒரு சோதனை செய்யலாம். பிரித்தானியக் கம்பனிகள் காகிதத் தட்டுப்பாட்டால் 1940இல் அட்டைகளை நிறுத்திவிட்டன. ஆகவே எங்கள் பெட்டி எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் வீட்டுக்குள்ளேயே இரண்டு சாட்சி. 1939 நத்தாருக்குக் களஞ்சியத்து அதிகாரி தந்தது என்று அம்மப்பா சொல்வார். அடுப்படியிலிருந்து அம்மம்மா மறுப்பார்: “இல்லை, அது குண்டு போட்ட வருஷம்.”

குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. ஜப்பான்காரரின் விமானங்கள் டொக்யாட்டையும் சீனக்குடாவையும் தாக்கின. ஒரு விமானம் எண்ணெய்க்குதத்தில் போய் விழுந்தது. திருமலையிலிருந்து தப்பி வெளிக்கிட்ட ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் தாண்டது. துறைமுகத்துக்குள் சகாயிங் என்ற கப்பல் எரிந்தது. சனம் காட்டுப் பக்கமாக ஓடியது; திரும்பி வந்தபோது ஒரு மாலுமி தந்த பெட்டி அது என்பது அம்மம்மாவின் கதை. அவர் சொல்வது சரியென்றால் நாங்கள் அடிபட்ட படம் அந்தப் பெட்டிக்குள் இருந்ததே இல்லை.

அம்மப்பா நாட்களில் பிசகாதவர். அம்மம்மா ஆட்களில் பிசகாதவர். நான் அம்மப்பா பக்கம்; நியாயம் பார்த்து அல்ல, ஆசையால்.

2018இல் இலங்கைக் கடற்படை சகாயிங்கை அடியிலிருந்து மேலே கொண்டுவந்த காணொளியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பாசியும் சிப்பியும் மூடிய அந்த இரும்பை முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு எடுக்க முடிந்திருக்கிறது. எங்கள் றங்குப் பெட்டியைப் பற்றி ஒரு சொல் சொல்ல ஊரில் ஆளில்லை. வீடு மாறிவிட்டது, அலுமாரி விறகாகப் போனது என்கிறார்கள். உப்புக்காற்றும் ராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் காகிதத்துக்கு ஆயுள் குறைவு என்று என்னைத் தேற்றிப் பார்க்கிறேன். அது சரிவருவதில்லை. கையில் இப்போதும் அந்தச் சரசரப்பு இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணையோடு இதைப் பற்றிப் பேசினேன். பிராட்மன் இருப்பது 1938இலும் அதற்கு முன்னும் வந்த கிறிக்கற் தொடர்களில். 1939 கடைசியில் வந்த பெட்டி என்றால் போர்க்கப்பல் தொடருக்குத்தான் வாய்ப்புக் கூட என்று விளக்கினேன்.

“நீ எந்தக் கணக்கெண்டாலும் பாரடா. அது பிராட்மன்தான்,” என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, “இப்ப இருந்தால் எவ்வளவுக்குப் போகும்?”

பெரிய விலை இல்லை, அந்தக் காலத்தில் கோடிக்கணக்கில் அடித்தது, உடைக்காதது என்றாலும் சில பத்துப் பவுண் வரலாம் என்றேன்.

“பிராட்மன் உள்ளுக்கு இருந்தாலுமே?”

“உடைக்காமல் அது ஆருக்குத் தெரியும், அண்ணை?”

“எனக்குத் தெரியும்,” என்றார் அண்ணை. “சும்மா அலட்டாமல் போனை வை.”